ஒற்றைக் ககரம்

ஆறாம் அத்தியாயம்

வேதமணி என்பது அவள் பெயர். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவ்வாறே எழுதியிருந்தார்கள். லாலாகுடா ரயில்வே காலனியில் அவள் 'தேவசகாயம் ஃபிட்டர் வீட்டு மெட்ராஸ் பெண்'. ஹைதராபாத் மருத்துவக் கல்லூரியின் வருகைப் பட்டியலிலோ 'மிஸ் வேதாமனி'. உருது எழுத்தில் ணகரம் கிடையாது என்பதை முதல் நாளே அறிந்துகொண்ட அவள், குறை ஒன்றும் சொல்லாமல் அந்தப் பெயருக்கும் எழுந்து நின்றாள்.

எதையும் எழுதிவைக்காமல் அவள் நம்புவதில்லை. பேருந்தில் யாரோ இருவர் சண்டையிட்டுக்கொள்ளும்போது விழும் புதுச் சொல்லையும் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்வாள். பேனா முள்ளைத் தலைமயிரில் துடைக்கும் வழக்கம் இருந்ததால் வலக் காதின் மேற்புறம் எப்போதும் சிறிது நீலமாகவே இருக்கும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தேதிகள் இடுவாள். ஒன்று நம்முடைய ஆகஸ்டு, மற்றொன்று நிஜாம் ராஜ்யத்தின் மெஹர் மாதம். கோபம் வந்தால் பேசமாட்டாள். பேனாவைக் கழுவுவாள்.

இதுகாறும் இவளோடு பழகாதவர்கள் அறியவேண்டியது இவ்வளவே. சென்னையில் டாக்டர் படிப்புக்கு இருமுறை விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. ஹைதராபாத்தில் பெண்களுக்கு இடம் இருந்தது. ஆனால் அங்கே பாடம் முழுவதும் உருது மொழியில் நடந்தது. எட்டு மாதம் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே எழுத்தும் இலக்கணமும் கற்று, 1937ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவள் சிகந்தராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். ஒரு நிபந்தனையோடுதான் சேர்த்துக்கொண்டார்கள். ஆறாவது வார இறுதியில் 'இம்லா' என்னும் சோதனை நடக்கும். பேராசிரியர் யாரும் முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தை வாசிப்பார். கேட்டதைக் கேட்டவாறே உருது எழுத்தில் எழுதவேண்டும். பத்துக்கு மேல் பிழை வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

ஐந்து வாரங்கள் முடிந்துவிட்டன. இன்று வியாழக்கிழமை; இம்லா அடுத்த வியாழக்கிழமை.

அவள் தங்கியிருப்பது தந்தையின் தங்கை எலிசபெத்தின் வீட்டில். எலிசபெத் சிகந்தராபாத் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டில் பதினெட்டு ஆண்டுகளாக நர்ஸ். கணவர் தேவசகாயம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அண்ணன் மகளின் பெயர் அடிபட்டுப்போகுமுன் அவளுக்கு ஒரு வழி செய்துவிடவேண்டும் என்று எலிசபெத் சென்ற வாரம் மேட்ரனிடம் பேசினாள். புதிய நர்ஸ் பயிற்சி வகுப்பில் ஓர் இடம் இருந்தது. பாடம் ஆங்கிலத்தில். கையெழுத்திட்ட படிவம் இன்று மாலை ஐந்து மணிக்குள் மேட்ரன் கைக்குப் போகவேண்டும்.

அந்தப் படிவம் இன்று காலை டீத் தம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது.

"வேதா, அஞ்சு மணி. மேட்ரன் துரைசானி ரெண்டாந்தடவை கூப்பிட மாட்டாக."

"தெரியும் அத்தை."

"தெரியும் தெரியும்னு சொல்லுத. பேனாவை எடுக்க மாட்டேங்குத."

முகம் வழித்துக்கொண்டிருந்த தேவசகாயம் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "கைக்கு அவளை விரட்டுத? டீயைக் குடிக்கட்டும்" என்றார். ஏன் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்பார்கள்; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

"இந்தக் கைக்கு, நக்கோ எல்லாத்தையும் உங்க ஒர்க்‌ஷாப்புலேயே வச்சிட்டு வாங்க. வீட்டுக்குள்ள திருநெல்வேலி போதும்."

"ஹவ்" என்றார் தேவசகாயம். ஆமாம் என்பதற்கும் அந்த ஊர்ச் சொல்தான்.

வேதமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு தம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னைக்கு வாய்ப் பரீட்சை இருக்கு அத்தை. முடிச்சிட்டு நாலு மணிக்குள்ள வந்து சொல்லுதேன்."

"வந்து சொல்லுதேன்னா? வந்து கையெழுத்துப் போடுதேன்னு சொல்லு."

"வந்து சொல்லுதேன்."

எலிசபெத் படிவத்தின் மேல் டீ சிந்தாதபடி அதைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

பேருந்து ஹுசேன் சாகர் ஏரிக்கரை வழியே நகரத்துக்குள் சென்றது. கரைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரர் கண்டோன்மெண்டு, ஞாயிறு விடுமுறை. அந்தப் பக்கம் நிஜாமின் நகரம், வெள்ளி விடுமுறை. அதனால் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு அப்படியே கல்லூரிக்கு ஓடவேண்டியிருந்தது. வழி முழுவதும் மடியிலிருந்த நோட்டைத் திறந்து இருதயப் பாடத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போனாள். பாடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வாரங்களில் மூன்று நோட்டுகள் நிரம்பியிருந்தன. அவ்வளவையும் அவள் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தாள்.

இதை விளக்கவேண்டும். பேராசிரியர் மிர்ஸா வேகமாகப் பேசுவார். அந்த ஆண்டின் பாடநூல் அச்சிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் வாய்ச்சொல்லே நூல். உருது எழுத்தில் வேதமணியின் கை மெதுவாக ஊர்ந்தது. தமிழெழுத்தில் அது பறந்தது. ஆகவே உருதுச் சொற்களைக் காதில் விழுந்தவாறு தமிழில் குறித்துக்கொண்டு, பின்பு ஓய்வாக உருது எழுத்தில் பெயர்த்துக்கொள்ளலாம் என்று அவள் எண்ணினாள். அது நல்ல யோசனை என்றே இன்று காலை வரையில் அவளுக்குத் தோன்றியிருந்தது.

உடற்கூற்று வகுப்பில் முப்பத்திரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். பெண்கள் இருவரும் வகுப்பின் இடக்கோடியில் உச்சி முதல் தரை வரை தொங்கிய மூங்கில் திரைக்குப் பின்னால் அமர்ந்திருப்பார்கள். திரையின் கீற்றுகள் வழியே பேராசிரியர் ஒரு வெள்ளை ஷெர்வானியாகவும், அதன்மேல் ஒரு சிவப்புத் தொப்பியாகவுமே தெரிவார். முகம் தெரியாது. குரல் மட்டும் வரும். வேதமணிக்குப் பக்கத்தில் இருப்பவள் ஜீனத்; சார்மினாருக்குத் தெற்கே பிறந்து வளர்ந்தவள்; மூடிய டாங்கா வண்டியில் வந்து மூடிய டாங்கா வண்டியில் போகிறவள்.

பட்டியலின் கடைசியில் அவளை அழைத்தார்கள்.

"மிஸ் வேதாமனி. இருதயத்தில் எத்தனை அறைகள்? அவை எவை?"

அவள் எழுந்து நின்றாள். இருதயத்துக்கு அந்த வகுப்பில் வழங்கிய சொல் 'கல்ப்' என்பது. அதைத் தெளிவாக உச்சரித்து, கல்பில் நான்கு அறைகள் உள்ளன என்று தொடங்கி, வால்வுகளின் பெயர்களையும் இரத்தம் செல்லும் வழியையும் ஒரு தடுமாற்றமுமில்லாமல் சொல்லி முடித்தாள்.

முதல் வாக்கியத்திலேயே சிரிப்பு எழுந்துவிட்டதை அவள் சிறிது நேரம் கழித்தே உணர்ந்தாள். பின் பெஞ்சில் யாரோ மெல்லக் குரைத்தான்.

பேராசிரியர் மேசையைத் தட்டினார். "குரைத்தவர் எழுந்து நின்றால், அந்தப் பிராணிக்கு எத்தனை அறைகள் என்று இப்போதே அறுத்துப் பார்த்துவிடலாம்."

வகுப்பு அடங்கியது.

ஜீனத் அவள் காதருகே குனிந்தாள். "இருதயத்துக்கு முதலெழுத்துத் தொண்டையில வரணும். நீ வாயில சொல்லிட்டே. வாயில சொன்னா நாய்."

வேதமணிக்குக் காதுமடல் சுட்டது. எனினும் உட்காரவில்லை.

"விடையில் பிழையில்லை. பிராணிதான் மாறிவிட்டது" என்றார் பேராசிரியர். "உங்கள் நோட்டைப் பார்க்கலாமா?"

பணியாள் வந்து திரையின் அடியில் கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டு போனான். பக்கங்கள் புரளும் ஓசை கேட்டது.

"இது எந்த மொழி?"

"சொற்கள் உருது, ஜனாப். எழுத்துகள் தமிழ்."

"அப்படியா? நான் ஆறு சொற்கள் சொல்கிறேன். இதே எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்."

நோட்டு திரும்பி வந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இருதயம், நாய். அடுத்து, சிறுநீரகம், சட்டை. அதற்கும் அடுத்து, உள்ளம், எள். அவர் சொன்னவை உருதுச் சொற்கள். வேதமணியின் பேனா எழுதியது இது:

கல்ப், கல்ப்.
குர்தா, குர்தா.
தில், தில்.

இரண்டாவது வரியிலேயே அவள் கை நின்றது. மூன்றாவது வரியை எழுதும்போது, தான் எழுதப்போவது என்ன என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எனினும் எழுதினாள்.

நம் மொழியில் ககரம் ஒன்று. அது சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப நாமே வலித்தும் மெலித்தும் ஒலித்துக்கொள்கிறோம். நமக்கு அது போதும்; தகரமும் அப்படியே. அந்த மொழியிலோ தொண்டையடியில் பிறக்கும் ககரம் வேறு, மேல்வாயில் பிறக்கும் ககரம் வேறு, மூச்சோடு உரசி வருவது வேறு, மெலிந்து வருவது வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து. ஒன்று மாறினால் பொருள் மாறும். ஐந்து வாரமாக வேதமணி அத்தனையையும் ஒரே சாடியில் ஊற்றி வைத்திருந்தாள்.

பேராசிரியர் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து ஒன்றும் அறியாத அவருக்கும் ஒவ்வோர் இணையும் ஒரே உருவமாயிருப்பது தெரிந்தது.

"நோயாளியின் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று இன்று எழுதுவீர்கள். அவனுடைய சட்டை வீங்கியிருக்கிறது என்று நாளைக்கு வாசிப்பீர்கள். அவனுக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள், மிஸ் வேதாமனி?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு அறிவு இருக்கிறது. உழைப்பும் இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை நான் வாசிப்பதைக் காதால் பிரித்தறிந்தாலன்றி உங்களால் எழுத முடியாது. விதியை உங்களுக்காக நான் தளர்த்தமாட்டேன். உட்காருங்கள்."

வகுப்பு கலைந்ததும் வேதமணி தாழ்வாரத்துக் குழாயடியில் நின்று பேனாவைக் கழுவினாள். நீலம் முழுவதும் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அழறியா?" என்று கேட்டாள் ஜீனத். அவள் பேசியது தக்கினி என்னும் ஹைதராபாத் வழக்கு உருது. அதன் சாயலைத் தமிழில் கொணர்வது அரிது.

"இல்லை."

"அழு நக்கோ. என் நோட்டு எல்லாம் எடுத்துக்கோ. ரெண்டு நாள்ல காப்பி பண்ணிடலாம்."

"எடுத்துக்கிறேன். நீ பெரிய உதவி செய்யறே. ஆனா இம்லாவுக்கு அது போதாது ஜீனத். அவர் புதுசா வாசிப்பார். எனக்குக் காது வேணும்." வேதமணி பேனாவை மூடினாள். "அந்த ரெண்டு சொல்லையும் நீ ஒரு தடவை சொல்லு."

ஜீனத் சொன்னாள். வேதமணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பேராசிரியர் சொன்னதுபோல் இல்லை.

ஜீனத் தானே சிரித்துவிட்டாள். "எங்கிட்டக் கேட்டு என்ன புண்ணியம்? ஹைதராபாத்துல யாருக்கும் அந்தத் தொண்டைக் 'காஃப்' எழுத்து வராது. எங்க அம்மாவுக்கு வராது, அப்பாவுக்கு வராது. இருமுறாப்போல வேற ஒண்ணு வரும். மிர்ஸா சாஹிப் லக்னோக்காரர், எங்களையும் வையறார். எனக்கு எழுதத் தெரியும், அவ்வளவுதான். சின்ன வயசுலேர்ந்து பழக்கம்."

"பையன்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அவங்களும் இந்த ஊர்தானே?"

"தாடி."

"என்னது?"

"எங்க அண்ணன் போன வருஷம் இதே வகுப்பு. அவன் சொன்னான். தொண்டைக் காஃப் வரும்போது மிர்ஸா சாஹிபோட தாடி ஒரு அங்குலம் கீழே இறங்குமாம். சாதாக் காஃபுக்கு இறங்காதாம். ஆம்பிளைங்க எல்லாம் இம்லா எழுதறது காதை வச்சு இல்லை, தாடியை வச்சு."

வேதமணி சிரிக்கவில்லை. அந்தச் செய்தியை அவள் எழுதிக்கொள்ளவும் இல்லை. தாழ்வாரத்தின் கோடியிலிருந்து வகுப்பறையைத் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. மூங்கில் திரை காற்றில் இலேசாக அசைந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஐந்து வாரமும் அவள் கண்டது ஒரு ஷெர்வானியும் ஒரு தொப்பியும்.

"நான் அவரைப் பார்த்துட்டு வரேன்" என்றாள்.

"எதுக்கு?"

"தாடியைப் பார்க்க."

ஜீனத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவள் முகத்தில் விளையாட்டு மறைந்தது. "நீ வெளியே போயிட்டா உள்ளே நான் மட்டுமா?" என்று கேட்டாள், உடனே, "போ, போ. நான் சும்மா சொன்னேன்" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பேராசிரியர் தம் அறையில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பெண்ணைக் கண்டு வியந்து எழுந்தார். அப்போதுதான் வேதமணி அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தாள். கூர்மையாகக் கத்தரித்த, பாதி நரைத்த தாடி.

"ஜனாப், சனிக்கிழமை முதல் நான் திரைக்கு வெளியே உட்கார அனுமதி வேண்டும். நீங்கள் எழுத்தை உச்சரிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். பார்க்காமல் எனக்கு வேறுபாடு தெரியவில்லை."

அவர் விடைத்தாள்களைக் கீழே வைத்தார்.

"திரை நான் இட்டதன்று. பெண்களின் வீட்டார் கேட்டதனால் கட்டியது. உங்கள் வீட்டாருக்கு அது வேண்டாமென்றால் எனக்குத் தடையில்லை. ஆனால் உங்கள் பாதுகாவலர் அதைத் தம் கைப்பட எழுதித் தரவேண்டும். சனிக்கிழமை காலை கடிதம் என் மேசையில் இருக்கட்டும்." பின்பு சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒன்று சொல்கிறேன். இன்று குரைத்தவனுக்கு உங்கள் முகம் தெரியாது. சனிக்கிழமை தெரிந்துவிடும். அப்புறம் உள்ளே போனாலும் அது தெரிந்த முகந்தான்."

"தெரியும், ஜனாப்."

இந்த 'தெரியும்' காலையில் அத்தையிடம் சொன்னதைவிட மெதுவாக வந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது அவள் லாலாகுடா வந்து சேர்ந்தாள். எலிசபெத் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில், தொப்பிக்கு ஊசி குத்திக்கொண்டு நின்றாள். ஐந்து மணிக்கு அவளுக்கு டியூட்டி. படிவம் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே ஒரு பேனா வைக்கப்பட்டிருந்தது. தேவசகாயம் அன்று முதல் ஷிப்டு முடிந்து வந்து, வாசற்படியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வேதமணி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நாய் என்று சொன்னதையும், குரைத்ததையும், ஆறு சொற்களையும் சொன்னாள். இம்லாவுக்கு ஏழு நாள். அதில் ஐந்து வகுப்பு. பேராசிரியர் கேட்ட கடிதத்தையும் சொன்னாள்.

எலிசபெத் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஆக, இன்னைக்குத் தோத்துட்டுத்தான் வந்திருக்க."

"ஆமா அத்தை."

"அப்பம் கையெழுத்தைப் போடு. அந்தப் பாஷை நமக்குச் சரிப்படலை. இங்கிலீஸ்ல படிக்கலாம். மூணு வருஷத்துல உடுப்புப் போட்டுக்கிட்டு என் கூட நிப்ப."

வேதமணி பேனாவைத் தொடவில்லை.

"ஏட்டி, சொல்லேன். டாக்டர்னா உசத்தி, நர்ஸுன்னா கேவலம், அதானே? பெட்பேன் தூக்குத வேலை. அண்ணன் மகளுக்கு ஆகாது."

"கேவலம்னு நினைச்சா நான் உங்க வீட்டுல சாப்பிடுவேனா அத்தை? வந்த முதல் வாரம் உங்க வார்டுக்கு வந்தேன்லா. அந்தத் தீக்காயம்பட்ட மனுசனுக்கு நீங்க கட்டு மாத்துனதைப் பாத்தேன். எனக்கு அவ்வளவு பொறுமை வருமான்னு தெரியாது. அது உசந்ததுதான். ஆனா நான் கேட்டது அது இல்லை. நான் கேட்டது வேற."

எலிசபெத் முகத்தைத் திருப்பித் தொப்பியைச் சரிசெய்தாள்.

தேவசகாயம் பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். "வேதா, கடுதாசி யாரு எழுதணும்?"

"நீங்கதான் மாமா. நீங்கதானே இங்க எனக்குப் பொறுப்பு."

"அதான் யோசிக்கேன். முப்பது பையம்மாரு. அவனுக நடுவுல நீ ஒருத்தி. நாளைக்கு ஒர்க்‌ஷாப்புல பேசுவானுக, சர்ச்சு வாசல்ல பேசுவாக. திரையைப் போட்டுத்தாரோம்னு அவனுகளே சொல்லுதப்ப, வேண்டாம்னு நாம கடுதாசி கொடுத்தோம்னு ஆகும். உங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? நக்கோம்மா. வேற வழி இருந்தாப் பாரு."

வேதமணி வாயைத் திறக்குமுன் எலிசபெத் திரும்பினாள்.

"யாரு பேசுவா?"

"ஊரு பேசும் எலிசபெத்து."

"நான் பதினெட்டு வருஷமா ஆம்பிளை வார்டுல நிக்கேன். நாப்பது கட்டிலு. எனக்கு எந்தத் திரையைக் கட்டுனீக?"

தேவசகாயம் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"அப்பம் என்னையும் பேசியிருப்பானுக. பேசுனானுகளா, இல்லையா?"

"பழைய கதை இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க."

"ஒருத்தன் பேசுனான். பாய்லர் ஷாப்புல. நீ சேந்த புதுசு."

"என்ன பேசுனான்?"

"அதைச் சொல்ல மாட்டேன்." செம்பைக் கீழே வைத்தார். "அந்த வருசம் அவன் தம்பி காலரால கிடந்து பொழைச்சு வந்தான்லா, உன் வார்டுல. அவ கையை வைக்கலைன்னா உன் தம்பியைக் குழியிலல்லா பாத்திருப்பன்னு கேட்டேன். பிறகு அவன் வாயைத் திறக்கலை."

எலிசபெத் கையிலிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இத்தனை வருஷமா எங்கிட்ட இதைச் சொல்லலை."

"சொல்லி என்ன செய்ய? நீ டியூட்டிக்குப் போகணும்லா."

ஒர்க்‌ஷாப்பின் இரண்டாம் சங்கு ஊதி ஓய்ந்தது. எலிசபெத் ஊசியைத் தொப்பியில் குத்தி முடித்துவிட்டு, படிவத்தைக் கையில் எடுத்தாள். அவள் குரல் மறுபடி வார்டுக் குரலாகிவிட்டது.

"இங்க பாரு வேதா. நான் உனக்காக அழவும் மாட்டேன், உன்னைத் தடுக்கவும் மாட்டேன். ஆனா மேட்ரன் துரைசானி கிட்ட ஒரு தடவைதான் போய் நிப்பேன். காசிப்பேட்டையிலேர்ந்து ராஜம்னு ஒரு பிள்ளை காத்துக்கிட்டிருக்கு. நீ இல்லைன்னா அஞ்சு மணிக்கு இடம் அவளுக்கு. அடுத்த வியாழக்கிழமை உன் பேரை அடிச்சிட்டாங்கன்னா, இந்தக் கதவும் கிடையாது. ரயிலேறி ஊருக்குத்தான் போகணும். விளங்குதா?"

"விளங்குது அத்தை."

"உங்க மாமா இன்னும் எழுதுதேன்னு சொல்லலை. அதும் விளங்குதா?"

"அதும் விளங்குது."

தேவசகாயம் எழுந்து போய் மாடத்திலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதை மேசைமேல் வைத்தார், ஆனால் உட்காரவில்லை. தாளின் இரு ஓரங்களையும் விரலால் நீவிக்கொண்டே நின்றார். "எந்தப் பாஷையில எழுதணும்?" என்று கேட்டார். அது சம்மதமா, சந்தேகமா என்பது அவருக்கே தெரியவில்லை. "எழுதினேன்னா பேரை எழுதணும். தேவசகாயம், ஃபிட்டர்னு. நாளைக்கு அது அங்கேயே கிடக்கும். வெள்ளிக்கிழமை ஒரு நாளு இருக்கு. யோசிச்சுத்தான் சொல்லுவேன் வேதா."

"யோசிங்க மாமா."

"நான் மாட்டேன்னுட்டா?"

எலிசபெத்தும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தாள். கதவருகே குடையோடு நின்றாள். மணி நாலேகால். ஆஸ்பத்திரிக்கு நடந்து சேர அரைமணி நேரம் ஆகும்.

வேதமணி அத்தையின் கையிலிருந்த படிவத்தை வாங்கினாள். ஒருமுறை முழுவதும் படித்தாள். எதையும் படிக்காமல் திருப்பித் தருவது மரியாதையன்று என்று அவள் நினைத்தாள். பிறகு கையெழுத்திடாமல், மடிப்புக் கலையாமல், அதை அத்தையிடமே நீட்டினாள்.

"இடத்தை ராஜத்துக்கே கொடுக்கச் சொல்லுங்க அத்தை. நான் சனிக்கிழமை திரைக்கு வெளியே உக்காருதேன்."